பார்லிமென்ட் லைவ் டிவி: புதன்கிழமையை விடுங்கள், குழுக்களைப் பாருங்கள்

பிரிட்டன் நாடாளுமன்றத்தின் நேரலைத் தளம், இலவசம், பழைய பதிவுகளும் கிடைக்கும். எல்லாரும் புதன் மதியம் பிரதமர் கேள்வி நேரத்தைப் பார்க்கத்தான் போவார்கள்; சத்தம் ஜாஸ்தி, சரக்கு கம்மி. அசல் விஷயம் தேர்வுக்குழுக்கள்தான் (select committees), அதாவது அரசின் வேலையை விசாரிக்கிற எம்.பி.க்கள் குழுக்கள். அமைச்சரையோ அதிகாரியையோ எதிரே உட்கார வைத்து, மழுப்பினால் விடாமல் அதே கேள்வியை மறுபடி கேட்கிறார்கள். 2010-லிருந்து பெரும்பாலான குழுத் தலைவர்களை எம்.பி.க்களே ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுப்பதால் கட்சிக் கொறடாவின் பிடி அங்கே தளர்ந்துவிட்டது, சொந்தக் கட்சி அமைச்சரையே குடைகிற தலைவரைப் பார்க்கலாம். இந்தியாவில் நிலைக்குழுக்கள் மூடிய கதவுக்குள் கூடுவதை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது. அரசு செலவை ஆராய்கிற பொதுக் கணக்குக் குழுவிலிருந்து ஆரம்பியுங்கள், அதன் தலைவர் எதிர்க்கட்சிக்காரர்தான். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். சில கூட்டங்கள் ரொம்ப நீளம், தூக்கம் வந்தால் நான் பொறுப்பில்லை.