ஆமைக்கு ‘விண்டர் பேக்கேஜ்’ வாங்கி ஏமாந்தேன்: கலிபோர்னியாவில் சான் ஹோசே பக்கம் இருப்பவர்கள் கவனிக்கவும்

போன குளிர்காலத்தில் நடந்தது இது. அக்டோபர் வந்ததும் அதே கடை அதே பேக்கேஜை மறுபடி விற்க ஆரம்பித்துவிட்டது. வீட்டுக் கொல்லையில் தொட்டி கட்டி ஆமை வளர்ப்பவர்கள் வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்களிடம் இரண்டு ஆமைகள் இருந்தன, குண்டு, மணி. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருக்குமே, அந்த ரெட் இயர்டு ஸ்லைடர் வகை. இன்னொரு தமிழ்க் குடும்பம் ஊர் மாறும்போது எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனது. கோடையில் ஒரு பிரச்சினையும் இல்லை. குளிர்காலத்துக்கு என்ன செய்வது என்று தெரியாமல், மீன் குளம் அமைத்துக் கொடுக்கும் ஒரு கடையில் கேட்டேன்.

அவர்கள் ஆள் அனுப்பினார்கள். வந்தவர் பத்து நிமிடம் நின்று பார்த்தார். தண்ணீரில் தெர்மாமீட்டர் வைக்கவில்லை, ஆழத்தை அளக்கவில்லை. “இங்கே பனி பெய்யாது, தண்ணீர் உறையாது. அதனால் ஆமை குளிர்காலம் முழுக்க அசையாமல் தூங்க வேண்டிய அவசியமே இல்லை. வருஷம் முழுக்கச் சாப்பாடு போடுங்கள்” என்றார். ஒரு மிதக்கும் ஹீட்டர், ‘குளிர்காலத் தீவனம்’ ஒரு வாளி, வந்து பார்த்த கூலி, எல்லாம் சேர்த்து 349 டாலர். கொடுத்தேன்.

நவம்பரில் மதிய வெயிலுக்கு இரண்டும் கட்டை மேல் ஏறி உட்காரும். தீவனம் போட்டால் வந்து தின்னும். நன்றாகத்தான் இருக்கின்றன என்று நினைத்தேன். டிசம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை என் மகள் ஓடி வந்து, “அப்பா, குண்டு சாய்ஞ்சு மிதக்குது” என்றாள். ஒரு பக்கம் மேலே தூக்கியிருந்தது, மூக்கில் நுரை. கடைக்கு போன் செய்தால், “குளிருக்குச் சோம்பலாக இருக்கும், திங்கட்கிழமை பார்க்கலாம்” என்றார்கள். நானும் காத்திருந்தேன். அந்த இரண்டு நாளை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது.

நாய், பூனை பார்க்கும் நம் வழக்கமான டாக்டர்கள் ஆமையைப் பார்ப்பதில்லை. ஊர்வன பார்க்கும் டாக்டரைத் தேடிப் பிடித்துப் போவதற்குள் செவ்வாய்க்கிழமை ஆகிவிட்டது. எக்ஸ்ரேயில் நிமோனியா. ஒரு பக்க நுரையீரலில் சளி நிறைந்தால் அந்தப் பக்கம் கனத்துவிடும், அதனால்தான் சாய்ந்து மிதந்திருக்கிறது. மணிக்கும் தொற்று ஆரம்பித்திருந்தது. மூன்று நாளைக்கு ஒரு தடவை முன்கால் தசையில் ஆன்டிபயாடிக் ஊசி. குண்டு நான்காவது ஊசிக்கு முன்பே போய்விட்டது.

டாக்டர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். ஆமையின் உடம்புக்குச் சொந்தச் சூடு கிடையாது, தண்ணீரின் சூடுதான் அதன் சூடு. 60 டிகிரி பாரன்ஹீட்டுக்கு (சுமார் 15 செல்சியஸ்) கீழே போனால் செரிமானம் மந்தமாகிவிடும். 50-க்கு (10 செல்சியஸ்) கீழே ஏறக்குறைய நின்றே போகும். அப்போது வயிற்றில் இருக்கும் உணவு அங்கேயே அழுகும். நிஜமான குளிர் ஊர்களில் தண்ணீர் சட்டென்று குளிர்ந்து அப்படியே இருப்பதால், ஆமை வெறும் வயிற்றோடு ஆழத்தில் போய்ப் படுத்துவிடும். நம் ஊரில் தண்ணீர் வாரக்கணக்கில் 50-க்கும் 60-க்கும் நடுவிலேயே ஊசலாடுகிறது. முழுத் தூக்கமும் இல்லை, முழு விழிப்பும் இல்லை. நோய் எதிர்ப்பு சக்தி இறங்கிவிடும், கிருமிகளோ சும்மா இருப்பதில்லை. “இங்கே குளிரே இல்லை” என்று அந்த ஆள் சொன்னாரே, இந்த மிதமான குளிர்தான் ஆமைக்கு மோசமானது.

வீட்டுக்கு வந்து அந்த ஹீட்டரின் அட்டைப் பெட்டியைத் தேடி எடுத்துப் படித்தேன். அது ஹீட்டரே இல்லை, டி-ஐசர். பனிப் பிரதேசங்களில் குளத்து மேல்பரப்பு முழுதும் உறையாமல் ஒரு ஓட்டை வைத்திருப்பதற்கான கருவி. தண்ணீர் உறையும் நிலைக்குப் பக்கத்தில் வந்தால்தான் அது ஓடும். எங்கள் தொட்டியில் அது ஒரு நாள்கூட ஓடியிருக்காது. கரண்ட் பில் ஏறவே இல்லையே என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். தீவனமும் கோய் என்ற அழகு மீனுக்கானது, கோதுமை முளை சேர்த்தது. குளிர்ந்த தண்ணீரில் அந்த மீனுக்குச் செரிக்கும் என்பதற்காகச் செய்வது. ஆமைக்கும் அதுவே போதும் என்று வாளியில் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

கடையில் போய்க் கேட்டேன். “உயிருள்ள பிராணிக்கு உத்தரவாதம் கிடையாது” என்று கையை விரித்தார்கள். அன்றைக்குத்தான் கவனித்தேன், கல்லா பக்கத்தில் குழந்தைகளுக்கென்று உள்ளங்கை அளவுக்கும் சிறிய ஆமைக் குஞ்சுகளை விற்றுக்கொண்டிருந்தார்கள். நாலு அங்குலத்துக்குக் குறைவான ஓடுள்ள ஆமையை இப்படி வளர்ப்புக்கு விற்பது அமெரிக்காவில் 1975-லிருந்து தடை, சால்மொனெல்லா கிருமி பரவுகிறது என்பதற்காக. ஒரு கடையில் இதைப் பார்த்தாலே திரும்பி வந்துவிடுங்கள்.

பெட்டியின் படத்தை அனுப்பியதால் கார்டு வங்கி டி-ஐசர் பணத்தை மட்டும் திருப்பித் தந்தது. மற்றது போனது போனதுதான்.

வெளியிலேயே விடப்போகிறீர்கள் என்றால், யாராவது வந்து தொட்டியைப் பார்க்கும்போது முதலில் தண்ணீரில் தெர்மாமீட்டர் வைக்கிறாரா என்று பாருங்கள். தண்ணீர் 60-களில் இறங்கும்போதே தீவனத்தைக் குறைத்து, 60-ஐத் தொட்டதும் அடியோடு நிறுத்திவிட வேண்டும், வெயிலில் வந்து உட்கார்ந்து நம்மைப் பார்த்தாலும் சரி. குளிர் வருவதற்கு முன் ஒரு தடவை எடை போட்டு, டாக்டரிடம் மலப் பரிசோதனை செய்துவிடுங்கள். மெலிந்தது, நோயிலிருந்து எழுந்தது, ஒரு வயதாகாதது என்றால் வெளியே விடவே கூடாது. மூக்கில் நுரையோ சாய்ந்த மிதப்போ கண்டால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள். ஆமையைத் தாங்க முடியாமல் ஏரியில் கொண்டுபோய் விடவும் கூடாது. இங்கே அது சட்டவிரோதம், இங்குள்ள சொந்தக் குளத்து ஆமைகளின் இடத்தையும் இது பிடித்துக்கொள்ளும்.

மணி பிழைத்துவிட்டது. இந்த வருஷம் அதை வெளியே தூங்க விடப்போவதில்லை. போன வாரமே கராஜில் பெரிய டப் வைத்து, தண்ணீரை 76-ல் நிறுத்தி, மேலே விளக்கும் போட்டு உள்ளே கொண்டுவந்துவிட்டோம். மார்ச் கடைசி வரைக்கும் அங்கேதான்.