நாலு கோடை தாண்டிய ஜீப் எழுத்து

காரைக்குடியில் என் இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்புக்குப் பெயின்ட் அடித்து, ராணுவ அடையாளங்கள் எழுதி நாலு கோடை ஆகிவிட்டது. எது நின்றது, எது உரிந்தது என்று சொல்கிறேன்.

முதலில் வண்டி அசலா பாருங்கள். 'போர்க்கால ஜீப்' என்று கைமாறுவதில் பல, பிறகு வந்த மகிந்திரா சி.ஜே. 3பி. பானட் உயரமாக இருந்தால் அதுதான். சேசிஸின் முன் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். அதே ஜீப்பை ஃபோர்டு செய்ததில் அந்தச் சட்டம் கவிழ்த்த 'ப' மாதிரி இருக்கும், போல்ட் தலைகளில் எஃப் எழுத்தும் இருக்கும்.

நிறத்தில் நான் சமரசம் செய்துகொண்டேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தபோது அடியில் கரும்பச்சைதான் இருந்தது. ஆனால் மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 121-இன்படி ஆலிவ் பச்சை ராணுவ வண்டிக்கு மட்டும். அதனால் வட ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் படை அடித்த மணல் நிறம். ஆர்.சி.யிலும் மாற்றிவிட்டேன்.

ஆரம்பத்தில் எல்லாரையும் போல பானட்டில் வட்டத்துக்குள் வெள்ளை நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டினேன். எஞ்சின் சூடு கீழே, நம்ம ஊர் வெயில் மேலே. இரண்டாவது சித்திரையில் முனைகள் அப்பளம் மாதிரி சுருண்டன. தப்பு வேறு இருந்தது. நட்சத்திரம் அமெரிக்கப் படையுடையது, வட்டம் சேர்ந்ததே 1943-இல்தான். நான் தேய்த்தபோது பானட்டின் பக்கவாட்டில் கிடைத்ததோ எம் என்ற எழுத்தும் மூன்று எண்களும். எம், பிரிட்டிஷ் ராணுவ வண்டி எண்ணில் கார் வகைக்கான முன்னெழுத்து. மீதி எண்களைத் துரு தின்றுவிட்டது.

எந்த டிவிஷன், அதாவது படைப்பிரிவு, என்று காட்டும் சின்னம் எதுவும் கிடைக்கவில்லை. மணல் நிறம் என்பதால் வட ஆப்பிரிக்காவில் சண்டை போட்ட நாலாவது இந்திய டிவிஷனின் செங்கழுகைப் போடச் சொன்னார் நண்பர். அம்மானுக்கோ பதினேழாவது டிவிஷனின் கறுப்புப் பூனைதான் வேண்டும். பர்மாவில் சண்டை போட்ட படை. எங்கள் பாட்டையா 1942-இல் அங்கிருந்து நடந்தே வந்தவர். எனக்கும் ஆசைதான். அண்டா விளக்கிக்கொண்டிருந்த அப்பத்தா தலை நிமிராமல் கேட்டார்கள்: "அடுத்த வளவுக்காரவுக விலாசத்த நம்ம அண்டாவுல வெட்டுவாகளாப்பா?"

சரி, சின்னம் இல்லை. கிடைத்த எம்மும் மூன்று எண்களும் மட்டும். மணல் நிறத்தில் வெள்ளை எடுபடாது என்பதால் கறுப்பில். "மீதி அழிஞ்சிருச்சா?" என்று இன்றும் பெட்ரோல் பங்கில் கேட்கிறார்கள்.

எழுதியது ஸ்டென்சிலில், பளபளப்பில்லாத மேட் பெயின்ட்டை ஸ்பாஞ்சால் ஒற்றி. பிரஷ்ஷில் இழுத்தால் ஓரத்துக்குள் கசியும்; பெயின்ட் கெட்டியாகவும் கொஞ்சமாகவும் இருக்கட்டும். நாலு வருஷத்தில் லேசாக வெளுத்ததே தவிர உரியவில்லை. வெளுத்தது அழகாகவே இருக்கிறது. மேட் பெயின்ட்டுக்கு பாலிஷ் ஆகாது, திட்டுத்திட்டாகப் பளபளக்கும். டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில் என்பதால் பெட்ரோல் போடும்போது சிந்தியது பக்கவாட்டில் ஓடி ஒரு கோடு விழுந்துவிட்டது. அதற்கு இன்னும் வழி தெரியவில்லை.

தினமும் பயன்படுவது சக்கரத்துக்கு மேல் எழுதிய காற்றளவு. பஞ்சர் கடைத் தம்பி என்னைக் கேட்பதே இல்லை.

எம்மின் ஒரு கால் இப்போது தேய ஆரம்பித்திருக்கிறது. அப்பத்தாவின் மூட்டு எக்ஸ்ரேயில் வெட்டிய ஸ்டென்சில் பரண் மேல் பத்திரமாக இருக்கிறது. மழை முடியட்டும்.