டூட்டி ஃப்ரீ சாமானைத் திருப்பிக் கொடுக்க: காரைக்குடியிலிருந்து எந்த வழி தேறும்?

சிங்கப்பூரிலிருந்து திருச்சியில் இறங்கி, சுமார் 90 கிலோமீட்டர் காரில் வந்து, காரைக்குடி வீட்டு வளவில் பெட்டியைப் பரப்பும்போதுதான் குறை கண்ணில் படும். சென்ட் பாட்டிலின் பம்ப் அழுந்தாது, கைக்கடிகாரம் ஓடாது, அல்லது கேட்ட சாமான் ஒன்றும் பையில் வந்தது வேறொன்றுமாக இருக்கும். ஊர்க் கடை என்றால் பில்லோடு போய் நிற்கலாம். விமான நிலையத்தின் இந்த வரியில்லாக் கடையோ குடிநுழைவுச் சோதனைக்கு அப்பால் இருக்கிறது. போர்டிங் பாஸ் இல்லாமல் அதன் வாசலை மிதிக்க முடியாது.

இருக்கிற வழிகளில் முழுசாகத் தேறுவது ஒன்றுதான்: விமானம் ஏறுவதற்கு முன்பே பார்த்துவிடுவது. அதற்கும் ஒரு எல்லை உண்டு. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில், 1, 2, 3ஆம் முனையங்களில் பாதுகாப்புச் சோதனை விமானம் ஏறும் கேட்டில்தான் நடக்கிறது. கடை அதற்கு முன்னால். கேட்டுக்குள் போய் உட்கார்ந்தபின் குறை தெரிந்தால், கடைக்கு ஓடித் திரும்பி மறுபடி சோதனையில் நிற்க நேரம் இருக்காது. 100 மில்லிக்கு மேற்பட்ட திரவத்தைக் கடைக்காரர் ரசீதோடு ஒளி ஊடுருவும் பையில் போட்டு ஒட்டித் தருவார். ஒட்டை உரித்தால் உரித்த தடம் பையிலேயே தெரியும். அப்புறம் அந்தப் பாட்டில் கேட்டைத் தாண்டாது. ஆகவே மூடியைக் கழற்றுவதும், பொருளின் பெயரையும் அளவையும் ரசீதோடு ஒத்துப் பார்ப்பதும் பையை ஒட்டுவதற்கு முன், கல்லாவிலேயே முடிய வேண்டும். கடிகாரம் என்றால் முள்ளை நகர்த்திப் பார்த்து, உத்தரவாத அட்டையில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ள வேண்டும். சென்னையில் இறங்கி உள்நாட்டு விமானத்தில் மதுரைக்கு வருபவர்கள், சுங்கம் தாண்டியதும் பாட்டிலைப் பெரிய பெட்டிக்குள் வைத்துவிடுவது நல்லது.

வீடு வந்து சேர்ந்துவிட்டதா? அடுத்து நம்பக்கூடியது, பயணம் போகும் சொந்தக்காரரிடம் கொடுத்து அனுப்புவது. கூரியரைவிட இதையே சொல்வேன். முதல் வேலை, ரசீதின் படத்தையும் குறையின் படத்தையும் கடைக்கு மின்னஞ்சலில் அனுப்பி, "வேறொருவர் கொண்டு வந்தால் வாங்கிக்கொள்கிறோம்" என்று எழுத்தில் வாங்குவது. எழுத்து இல்லாமல் போனால் கல்லாவில் இருப்பவர் கையை விரிப்பார். பணம் பெரும்பாலும் வாங்கியவரின் கார்டுக்கே திரும்பும். அதனால் கொண்டுபோகிறவர் கையில் காசு வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

திருச்சியில் ஏறும்போது பழைய ஒட்டுப்பை செல்லாது. ரசீது அந்தப் பயணத்துடையதாக இல்லாததால், ஒட்டு பிரியாமல் இருந்தாலும் சோதனையில் எடுத்துவிடுவார்கள். பாட்டில் பெரிய பெட்டியில்தான் போக வேண்டும். சிங்கப்பூரில் இறங்கியதும் பெட்டி வரும் பெல்ட் கூடத்திலேயே டூட்டி ஃப்ரீ கடை இருக்கிறது. அதே நிறுவனத்தின் கடையாக இருந்து, முன்பே ஒப்புக்கொண்டும் இருந்தால், சுங்க வாசலைத் தாண்டாமல் அங்கேயே கொடுத்துவிடலாம். அது நடக்காவிட்டால், ஊர் திரும்பும் நாளில் கைப்பையில் எடுத்துப் போகலாம். கேட்டில் சோதனை நடக்கும் முனையங்களில் கடைவரை பாட்டிலோடு நடந்துவிட முடியும். 4ஆம் முனையத்தில் சோதனை முதலிலேயே வருவதால் இது நடக்காது. கடை மறுத்தால் பாட்டில் கேட்டில் பறிபோய்விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

சிங்கப்பூரிலேயே இருக்கும் உறவினரை மலிவான டிக்கெட் எடுத்து உள்ளே போய்க் கொடுத்துவிட்டு வரச் சொல்லவே சொல்லாதீர்கள். பயணம் போகும் எண்ணமில்லாமல் போர்டிங் பாஸோடு உள்பகுதிக்குள் நுழைவது அங்கே குற்றம். அதற்காகக் கைது செய்யப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

கூரியர் ஒரு சில பொருளுக்கே ஆகும். சென்ட் எளிதில் தீப்பற்றும் சரக்கு. சாதாரணப் பார்சலில் வாங்க மாட்டார்கள். மதுவும் அப்படியே. கண்ணாடி, கைப்பை, கடிகாரம் அனுப்பலாம். ஆனால் 400 சிங்கப்பூர் டாலருக்கு மேற்பட்ட மதிப்பென்றால் அங்கே 9 சதவீத ஜிஎஸ்டி கேட்பார்கள். திருப்பி அனுப்பும் சரக்கு என்று ஆவணத்தில் தெளிவாக எழுதி, கடையின் கடிதத்தையும் இணைக்க வேண்டும். மாற்றுப் பொருள் கூரியரில் ஊருக்கு வந்தால் இங்கேயும் சுங்கவரி விழும். கூட்டிப் பார்த்தால் சின்னச் சாமானுக்குக் கட்டாது.

கைபேசி, கடிகாரம், கேமரா வாங்கியவர்கள் கடையை விட்டுவிட்டு உற்பத்தியாளரின் சேவை மையத்தைப் பார்ப்பது மேல். உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்பதே கேள்வி. சில கைபேசிகளுக்கு வாங்கிய நாட்டில் மட்டும்தான். பழுது பார்க்க விலையுயர்ந்த கடிகாரத்தை வெளிநாட்டுக்கே எடுத்துப் போகிறவர்கள், புறப்படும்போது சுங்க அதிகாரியிடம் ஏற்றுமதிச் சான்று வாங்கினால் திரும்புகையில் வரித் தொல்லை இல்லை. பழுது பார்க்காமல் புதிதாக மாற்றித் தந்துவிட்டால் வரிசை எண் வேறாகிவிடும், அந்தச் சான்று உதவாது. மாற்றித் தந்ததற்குக் கடையிடம் கடிதம் கேட்டு வாங்குங்கள்.

கடை பதிலே சொல்லாவிட்டால் கார்டு கொடுத்த வங்கியில் பணத்தைத் திரும்பக் கேட்டுத் தகராறு மனு போடலாம். பொருள் பழுது, அல்லது கேட்டது வேறு வந்தது வேறு என்பதற்கு மட்டும். மனசு மாறியதற்கு இல்லை. கடைக்கு எழுதிய மின்னஞ்சல்களே சாட்சி என்பதால் தொலைபேசியில் மட்டும் பேசியவர்களுக்கு இங்கே இடறும்.

எந்த வழியில் போனாலும் ரசீது வேண்டும். அது வெப்பத்தாள்; நம் ஊர்ச் சித்திரை வெயிலில் பெட்டியடியில் கிடந்தால் எழுத்து மங்கிவிடும். வந்த அன்றே படம் எடுத்துவிட்டு, பையைத் தொட வருகிறவர்களிடம் "பிரிச்சிராதிய ஆச்சி, முதல்ல பாத்துக்கிறேன்" என்று சொல்லி வையுங்கள்.