கழுத்துப்பட்டையா, தானியங்கிக் கேமராவா?

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்தின் வடகோடியில், மொசாம்பிக் எல்லையை ஒட்டியுள்ள தெம்பே யானைப் பூங்கா போன்ற காப்பகங்களுக்கு உதவ விரும்பும் டர்பன் தமிழர்கள், யானைகளைக் கண்காணிக்க, அவை இருக்குமிடத்தைக் காட்டும் ஜி.பி.எஸ். கழுத்துப்பட்டைக்கா, விலங்கு கடக்கும்போது தானே படமெடுக்கும் கேமராவுக்கா, எதற்குப் பணம் தருவது என்று தயங்குகிறார்கள்.

செலவு: ஜி.பி.எஸ். பட்டை ஒன்றுக்கே பல்லாயிரம் ராண்ட் ஆகும். ஹெலிகாப்டரும் கால்நடை மருத்துவரும் தனிக்கணக்கு.
கேமரா மலிவு, ஆனால் ஒன்றிரண்டு போதாது.

உழைப்பு: பட்டையின் மின்கலம் ஆண்டுக்கணக்கில் தாங்கும்.
கேமராவின் மின்கலத்தைச் சில மாதங்களுக்கொருமுறை மாற்ற வேண்டும். யானை பிடுங்கி எறியாதிருக்க இரும்புக்கூடும் தேவை.

யானைக்குச் சிரமம்: கேமராவால் ஏதுமில்லை. பட்டை பூட்டுவதற்கோ யானையை மயக்க ஊசியால் வீழ்த்த வேண்டும்; மூச்சு தடைபடாமல் துதிக்கை நுனியில் சிறு குச்சியைச் செருகி, வெயில் படாமல் காதை மடித்துக் கண்ணை மூடி, உடல் சூடேறாமல் நீரூற்றியபடியே வேலையை விரைந்து முடிப்பார்கள். வளரும் இளங்களிற்றுக்குப் பட்டை நாளடைவில் இறுகிவிடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

வேலி உடைத்து வயலுக்குள் இறங்கும் கூட்டமே கவலையென்றால் பட்டைதான் தகும்: பிடியானைகள் சேர்ந்தே நடப்பதால், மூத்த பிடி ஒன்றுக்குப் பூட்டினாலே கூட்டம் முழுவதன் போக்கும் தெரியும், அது எல்லைக்கோட்டை நெருங்கும்போது காவலரின் கைபேசிக்கு எச்சரிக்கையும் வரும். எத்தனை யானைகள், எவை எவை என்றறிய, காதுக் கிழிசலையும் தந்தத்தின் வளைவையும் படத்தில் காட்டும் கேமராவே ஏற்றது. நீர்நிலைக்குச் செல்லும் தடங்களில் அதைக் கட்டலாம்.