சப்ரினா 1 ஷூ: கணுக்கால் பயத்தோடு வாங்கியது

கணுக்கால் ஒரு தடவை பிசகினவர்களுக்குத் தெரியும், கூடைப்பந்தில் ரீபவுண்டுக்கு, அதாவது வளையத்தில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க, குதித்துக் கீழே இறங்குகிற அந்த நொடியில் பந்து ஞாபகத்தில் இருக்காது, கால் மட்டும்தான் இருக்கும். எட்டு வாரம் ஆடாமல் இருந்துவிட்டு நான் வாங்கிய முதல் ஷூ நைக்கியின் சப்ரினா 1. கணுக்காலை மூடுகிற உயரமான ஷூ எடு என்றுதான் கூட ஆடுகிறவர்கள் எல்லோரும் சொன்னார்கள், இதுவோ தாழ்வான மாடல். இருந்தும் இதை எடுத்ததற்குக் காரணம் அந்தப் பெயருக்குரிய அமெரிக்கக் கூடைப்பந்து வீராங்கனை சப்ரினா அயோனெஸ்கு.

ஓரிகான் பல்கலைக்கழகத்துக்கு ஆடி 26 ட்ரிபிள் டபுள் எடுத்தவர், அதாவது ஒரே ஆட்டத்தில் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் (கூட ஆடுகிறவர் கூடையில் போடக் கொடுக்கும் பாஸ்) போன்ற மூன்றில் பத்தோ அதற்கு மேலோ. 2019லேயே பெண்களுக்கான தொழில்முறை லீக்கான டபிள்யூஎன்பிஏவுக்குப் போயிருக்கலாம், ஆனால் கல்லூரிக் கோப்பையை ஜெயிக்காமல் போக மனசில்லாமல் நான்காம் வருஷமும் ஓரிகானுக்கே ஆட வந்தார். 2020 பிப்ரவரி 24 அன்று கூடைப்பந்து நட்சத்திரம் கோபி பிரையன்ட்டின் நினைவுக் கூட்டத்தில் பேசிவிட்டு, அன்றிரவே ஸ்டான்ஃபர்டுக்கு எதிராக இறங்கி, 2000 புள்ளி, 1000 அசிஸ்ட், 1000 ரீபவுண்ட் மூன்றையும் தொட்ட முதல் கல்லூரி ஆட்டக்காரர் ஆனார். ஆண்களிலும் அதுவரை யாரும் தொட்டதில்லை. அடுத்த மாதமே கொரோனா வந்து தேசியப் போட்டியே ரத்து. எதற்காகத் திரும்பி வந்தாரோ அது நடக்கவே இல்லை, எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை.

டபிள்யூஎன்பிஏ அணிகள் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் ஏப்ரல் டிராஃப்ட்டில் நியூயார்க் லிபர்ட்டி அணி அவரை முதல் ஆளாக எடுத்தது. இரண்டாவது ஆட்டத்தில் 33 புள்ளி. மூன்றாவது ஆட்டத்தில் இடது கணுக்கால் பிசகி அந்த சீசனே முடிந்தது.

அப்படிப்பட்டவர் பெயரில் 2023ல் வந்த ஷூ தாழ்வாக இருக்கிறது என்றால் நம்பிப் போடலாம் என்று தோன்றியது. சரி, போட்டால் எப்படி இருக்கிறது? குதிகாலை நன்றாகப் பிடிக்கிறது, எனக்கு அதுதான் பெரிய விஷயம், சட்டென்று திசை மாறும்போது உள்ளே கால் வழுக்குவதில்லை. முன்பாதத்துக்கு அடியில் சூம் ஏர் என்கிற காற்று மெத்தை, மற்றபடி ரியாக்ட் ஃபோம். எகிறிப் போட்டு இறங்கும்போது முன்பாதத்தில் மெத்தென்று தாங்குவது தெரிகிறது, அதற்காகத் தரையே தெரியாத அளவுக்குத் தடிமனும் இல்லை. என்னைப் போல வெளியே நின்று மூன்று புள்ளிக்கு எறிகிற கார்டு (guard) ஆட்டக்காரர்களுக்குக் கச்சிதம். உள்ளே முட்டி மோதி ஆடும் கனமான ஆட்களுக்கு இன்னும் கெட்டியான ஷூ தேவைப்படலாம். ஆண், பெண் இருவருக்கும் ஒரே மாடல்தான். நான் வாங்கின கடை முதலில் அரை அளவு சிறியதை அனுப்பி, மாற்றித் தர இரண்டு வாரம் இழுத்தடித்தது, அதனால் முடிந்தால் நேரில் போய், ஆடும்போது போடுகிற அதே தடிமனான சாக்ஸோடு போட்டுப் பாருங்கள்.

முதல் மூன்று ஆட்டம் வரை பயம் இருந்தது. நான்காவதில் ஒரு ரீபவுண்டுக்குக் குதித்து இறங்கி, பந்தைக் கொடுத்துவிட்டு மறுபக்கம் ஓடிப் போன பிறகுதான் நான் காலைப் பார்க்கவே இல்லை என்பது உறைத்தது. 2024 டபிள்யூஎன்பிஏ இறுதித் தொடரின் மூன்றாவது ஆட்டத்தில், மினசோட்டாவுக்கு எதிராகக் கடைசி நொடியில் அவ்வளவு தூரத்திலிருந்து சப்ரினா போட்டு ஜெயித்த பந்தின் வீடியோவை இப்போதும் அடிக்கடி போட்டுப் பார்க்கிறேன், எறிந்து முடித்து அவர் கால் ஊன்றுகிற இடத்தை மட்டும் இரண்டு மூன்று தடவை.