சிம்ஸ் 3க்கு லேப்டாப்பின் கிராபிக்ஸ் கார்டை அடையாளம் காட்ட எந்த வழி நல்லது?

சிங்கப்பூரின் செங்காங்கில் இருக்கும் அக்கா மகள் உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். ஜூன் விடுமுறை தொடங்கிய வாரம் அழைத்தாள். "மாமா, நீங்களும் அம்மாவும் விளையாடுவீங்களே சிம்ஸ் 3, அதை ஸ்டீம்ல வாங்கிட்டேன். ஆனா என் கார்டு அதுக்குத் தெரியலையாம். எல்லாம் மங்கலா இருக்கு."

ஸ்டீம் என்ற இணையக் கடையில் அவள் வாங்கியது 2009ல் வந்த விளையாட்டு. அங் மோ கியோ வீட்டில் ஒரே கணினிக்கு அக்காவும் நானும் முறை போட்டுக் காத்திருந்து விளையாடியிருக்கிறோம். இவளுடைய லேப்டாப்பில் இருப்பது என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 3050 கார்டு. அன்று எங்களிடம் இருந்த கார்டை இதன் பக்கத்தில்கூட வைக்க முடியாது. ஆனாலும் விளையாட்டு அதைத் தெரியாது என்கிறது.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேட்டதும் ஆளுக்கொரு வழி வந்தது. விண்டோஸ் செட்டிங்கை மாற்று என்றார் ஒருவர். என்விடியா கண்ட்ரோல் பேனல் போதும் என்றார் இன்னொருவர். இன்டெல் சிப்பையே முடக்கிவிடு என்று ஒரு தம்பி. சிம் லிம் ஸ்குவேரில் பழைய லேப்டாப் ஒன்று வாங்கிவிடலாமே என்று அத்தான். ஒரு சனிக்கிழமை முழுக்க அவளோடு உட்கார்ந்து, வாங்குவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். "கார்டு தெரியவில்லை" என்ற புகாருக்குள் இரண்டு வேறு கோளாறுகள் இருக்கின்றன. லேப்டாப்பில் இரண்டு கிராபிக்ஸ் சிப்புகள் உண்டு. ஒன்று புராசஸருக்குள் இருக்கும் சிறியது (இவளுடையதில் இன்டெல்), மற்றது தனியாக இருக்கும் பெரியது (என்விடியா). தேவைக்கேற்ப இரண்டுக்கும் இடையே மாறும் ஆப்டிமஸ் முறையை என்விடியா கொண்டுவந்தது 2010ல். அதற்கு முன்பே வந்துவிட்ட விளையாட்டு பெரிய சிப்பைக் கேட்டு வாங்கத் தெரியாமல் சிறியதிலேயே ஓடக்கூடும். இது முதல் கோளாறு. இரண்டாவது வேறு. விளையாட்டு சரியான சிப்பில்தான் ஓடும், ஆனால் அதன் பெயர் விளையாட்டுக்குத் தெரிந்த கார்டுகளின் பட்டியலில் இருக்காது. பட்டியல் எழுதப்பட்ட காலத்தில் அந்த கார்டே பிறக்கவில்லையே!

நம்மிடம் இருப்பது எது என்று ஊகிக்க வேண்டியதில்லை. டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டருக்குள் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், அதற்குள் தி சிம்ஸ் 3. அங்கே டிவைஸ்கான்ஃபிக் என்ற லாக் கோப்பு, அதாவது பதிவுக் கோப்பு, இருக்கும். நோட்பேடில் திறந்தால் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) சொல்லும் கார்டு பெயர் தெரியும். அங்கே இன்டெல் என்றிருந்தால் முதல் கோளாறு. என்விடியா என்றிருந்து, பக்கத்தில் ஃபவுண்ட் 0 என்றிருந்தால் இரண்டாவது. இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாமல் எந்த வழியில் இறங்கினாலும் நேரம்தான் வீண்.

எங்களுக்கு இரண்டும் இருந்தன, முதலாவது தீர்ந்ததும் இரண்டாவது தெரிந்தது.

முதல் கோளாறுக்கு விண்டோஸ் செட்டிங், என்விடியா கண்ட்ரோல் பேனல் இரண்டும் போட்டியிடுகின்றன. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, விண்டோஸ் செட்டிங்தான். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று போய், விளையாட்டை இயக்கும் எக்ஸிஇ கோப்பைச் சேர்த்து, ஹை பெர்ஃபார்மன்ஸ் என்று வைத்தால் முடிந்தது. விண்டோஸ் 10ன் 1803 பதிப்பில், 2018ல், இந்த வசதி வந்தது. அதன்பிறகு இரண்டு இடத்திலும் வேறு வேறாக வைத்திருந்தால் விண்டோஸ் சொல்வதே செல்லும். கண்ட்ரோல் பேனலில் மாற்றியும் பலன் இல்லை என்று பலர் சொல்வது பெரும்பாலும் இதனால்தான். ஒரு கவனம் வேண்டும். முதலில் திறக்கும் லாஞ்சரைச் சேர்த்தால் போதாது. ஸ்டீம் பதிப்பில் டிஎஸ்3டபிள்யூ என்ற கோப்பைத்தான் சேர்க்க வேண்டும். அவள் லாஞ்சரைச் சேர்த்துவிட்டு இரண்டு நாள் தவித்திருக்கிறாள்.

தம்பி சொன்ன வழி, அதாவது விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் இன்டெல் சிப்பை முடக்குவது, வேண்டவே வேண்டாம். பல லேப்டாப்புகளில் திரையின் இணைப்பு அந்தச் சிறிய சிப்பின் வழியாகத்தான் போகிறது. பெரிய சிப் வரைந்த படத்தையும் திரைக்குக் கொண்டுசேர்ப்பது அதுவே. அதை முடக்கினால் விண்டோஸ் தன் அடிப்படை டிரைவருக்கு இறங்கிவிடும், நிலைமை இன்னும் மோசமாகும். திரையை எந்தச் சிப்போடு இணைப்பது என்று மாற்றித்தரும் மக்ஸ் சுவிட்ச் உள்ள லேப்டாப்பாக இருந்தால், அதற்குரிய செட்டிங்கிலேயே பெரிய சிப்புக்கு முறையாக மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாவது கோளாறுதான் சுவையானது. இதற்கு விண்டோஸில் எதை மாற்றினாலும் பயனில்லை, விளையாட்டிடமே பேச வேண்டும். அதற்கு இரண்டு வழிகள். ஒன்று, பட்டியலில் நம் கார்டைச் சேர்ப்பது. இன்னொன்று, டிஎக்ஸ்விகே போன்ற ஒரு மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைப்பது.

பட்டியல் இருப்பது விளையாட்டின் கேம் ஃபோல்டருக்குள் பின் (Bin) என்ற ஃபோல்டரில், கிராபிக்ஸ்கார்ட்ஸ் என்ற எஸ்ஜிஆர் கோப்பில். சாதாரண எழுத்துக் கோப்புதான். நிறுவனம் வாரியாக எண்களும் பெயர்களும் அடுக்கியிருக்கும். என்விடியாவின் எண் 10டிஇ, ஏஎம்டியின் எண் 1002, இன்டெலின் எண் 8086. (இன்டெல் தன் புகழ்பெற்ற சிப்பின் எண்ணையே அடையாளமாக வைத்திருப்பது எனக்கு எப்போதும் பிடிக்கும்.) டிவைஸ் மேனேஜரில் கார்டின் டீட்டெயில்ஸ் பக்கத்தில் ஹார்ட்வேர் ஐடியைப் பார்த்தால் நம் கார்டின் எண் கிடைக்கும். அவளுடையது 25ஏ2. பட்டியலில் உள்ள ஒரு என்விடியா வரியை நகலெடுத்து அடியில் ஒட்டி, எண்ணையும் பெயரையும் மட்டும் மாற்றினோம். அடுத்தவர் கொடுத்த வரியை அப்படியே ஒட்டாதீர்கள். ஒரே பெயரில் விற்கும் கார்டுகளுக்கும் எண் வேறுபடும்.

அதோடு முடியவில்லை. லாக்கில் டெக்ஸ்சர் மெமரி, அதாவது கார்டில் படங்களுக்கான நினைவகம், 32 எம்பி என்றிருந்தது. 4 ஜிபி கார்டுக்கு 32 எம்பி! பக்கத்திலேயே கிராபிக்ஸ்ரூல்ஸ் என்று இன்னொரு கோப்பு உண்டு. மெமரி அளவு 0 என்று வந்தால் 32 என்று வைத்துக்கொள் என அதில் ஒரு விதி எழுதியிருக்கிறது. அந்த 32ஐ 1024 ஆக்கினோம். மறுபடி திறந்தபோது ஃபவுண்ட் 1 என்று வந்தது, அவள் துள்ளிக் குதித்தாள். எல்லாம் சேர்த்து இருபது நிமிடம். அசல் கோப்புகளை முதலில் டெஸ்க்டாப்பில் நகலெடுத்து வையுங்கள். நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால்தான் சேமிக்க விடும். ஒரே குறை, ஸ்டீமில் கோப்புகளைச் சரிபார்க்கச் சொன்னால் அது பழைய கோப்புகளையே திரும்பக் கொண்டுவந்துவிடும். அப்போது மறுபடி செய்ய வேண்டும்.

டிஎக்ஸ்விகே வேறு வகை. விளையாட்டு கார்டோடு பேசும் டைரக்ட்எக்ஸ் 9 என்ற பழைய மொழியை வல்கன் என்ற புதிய மொழிக்கு மாற்றிக் கொடுக்கிறது. 32 பிட்டுக்கான டி3டி9 டிஎல்எல் கோப்பை விளையாட்டின் எக்ஸிஇ பக்கத்தில் வைத்தால் வேலை செய்யும். விளையாட்டுக்கு எந்த நிறுவனம், எந்த கார்டு என்று காட்ட வேண்டும் என்பதையும் அதன் கான்ஃபிக் கோப்பில் நாமே எழுதலாம். அதாவது பட்டியலில் நம் கார்டைச் சேர்ப்பதற்குப் பதில், பட்டியலில் ஏற்கெனவே இருக்கும் ஒரு கார்டின் எண்ணைச் சொல்லிவிடலாம். வலுவான வழி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதன் 2.0 பதிப்பிலிருந்து வல்கன் 1.3 தெரிந்த டிரைவர் வேண்டும். ஏதாவது தகராறு வந்தால் விளையாட்டிலா, டிஎக்ஸ்விகேயிலா என்று பிரித்துப் பார்ப்பதும் சிரமம். அதனால் பதினைந்து வயதுப் பிள்ளையின் கணினியில் எஸ்ஜிஆர் கோப்பைத் திருத்துவதே மேல் என்பேன். பட்டியலே இல்லாத வேறு பழைய விளையாட்டு என்றால் டிஎக்ஸ்விகேதான் முதலில் நினைவுக்கு வரும்.

அதைவிடப் பழையவை, 90களில் வந்தவை என்றால் டிஜிவூடூ2 என்ற இன்னொரு மொழிபெயர்ப்பாளர். அக்காலத்து கிளைட் என்ற கிராபிக்ஸ் மொழி வரைக்கும் அது பார்த்துக்கொள்ளும்.

அத்தான் சொன்ன பழைய லேப்டாப் யோசனை கெட்டதல்ல. பட்டியலில் உள்ள கார்டோடு ஒன்று கிடைத்தால் இந்த வேலை எதுவும் வேண்டாம். ஆனால் பேட்டரியும் விசிறியும் களைத்துப்போன பெட்டியை நம்பிக் காசு கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் ஒன்று. கார்டை அடையாளம் கண்ட அன்று இரவே அவள் மறுபடி அழைத்தாள். லேப்டாப் கொதிக்கிறது, விசிறி இரைகிறது என்றாள். இந்த விளையாட்டுக்குத் தன் வேகத்தை அடக்கிக்கொள்ளத் தெரியாது. பெரிய கார்டு கிடைத்ததும் தேவையே இல்லாமல் நொடிக்கு நூற்றுக்கணக்கில் படங்களை வரைந்து தள்ளும். ஏர்கான் போடாத அறையில், நம் ஊர்ப் புழுக்கத்தில் அது நல்லதல்ல. இங்கேதான் கண்ட்ரோல் பேனல் கைகொடுத்தது. மேக்ஸ் ஃபிரேம் ரேட் என்ற இடத்தில், அந்த விளையாட்டுக்கு மட்டும் 60 என்று வைக்கச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் "சத்தம் நின்னுடுச்சு மாமா" என்று செய்தி வந்தது. கூடவே அவள் கட்டிய வீட்டின் படமும்.