பயணம் ரத்தானதும் வரும் 'உதவி'களிடம் உஷார்: ஊரை நடந்தே பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு

பஸ், ரயில், விமானம் எது ரத்தானாலும் சரி, பலகையில் அந்த அறிவிப்பு வந்ததுமே ஏமாற்றுக்காரர்களுக்கு வேட்டைதான். கவுன்டரில் வரிசை நகராது, போனில் சார்ஜ் இறங்கிக்கொண்டே இருக்கும், முதுகில் மூட்டை கனக்கும். பணம் பறிபோவது பெரும்பாலும் இந்தப் பதற்றத்தில்தான்.

முதல் வலை கஸ்டமர் கேர். இணையத்தில் எண்ணைத் தேடினால் முதலில் வருவதே போலியாக இருக்கலாம். சமூக வலைதளத்தில் புகார் எழுதினாலோ, நிறுவனத்தின் லோகோவையே படமாக வைத்த ஒரு கணக்கு உடனே உங்களிடம் பேச வரும். "ரீஃபண்ட் போட்டுவிடுகிறோம், இந்த ஆப்பை மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள்" என்பார்கள். அது உங்கள் போன் திரையை அவர்களுக்குக் காட்டும் ஆப். வங்கியிலிருந்து ஓடிபி வரும்போது அவர்களும் அதைப் படிப்பார்கள். பணம் திரும்பி வருவதற்கு வங்கியின் ஓடிபியோ பின் நம்பரோ தேவையே இல்லை. யார் கேட்டாலும் போனை வையுங்கள். டிக்கெட்டில் உள்ள எண்ணையும் நிறுவனத்தின் சொந்த ஆப்பையும் தவிர வேறு எதையும் நம்பாதீர்கள்.

அடுத்தது, "நீங்களே கேன்சல் செய்துவிடுங்கள், பணம் சீக்கிரம் வரும்" என்னும் ஏஜென்ட். அவசரப்பட்டு அந்தப் பட்டனை அழுத்தாதீர்கள். நிறுவனம் ரத்து செய்தால் பொதுவாக முழுப் பணமோ மாற்றுப் பயணமோ கேட்கலாம். நீங்களாக ரத்து செய்தால் பிடித்தம் போக மீதிதான். 'ரத்து' என்று திரையில் வரும்வரை பொறுத்திருந்து, தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: போக வர ஒரே விமான டிக்கெட்டாக எடுத்துவிட்டு, சொல்லாமல் முதல் பயணத்தைத் தவிர்த்தால், திரும்பும் பயணமும் தானாக ரத்தாகிவிடக்கூடும். நடந்து கிளம்பும் முன் இதை நிறுவனத்திடம் பேசி, எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

வாசலில் நிற்கும் ஓட்டுநர்கள் சிலர், "இன்று எந்த வண்டியும் ஓடாது", "நீங்கள் புக் செய்த விடுதியை மூடிவிட்டார்கள்" என்பார்கள். விடுதிக்கு உங்கள் போனிலிருந்து, புக்கிங் ரசீதில் உள்ள எண்ணுக்கு நீங்களே பேசுங்கள். அவர்கள் அழைத்துத் தரும் போனில் பேசுவது அவர்களின் ஆளாகவே இருக்கலாம்.

இதையெல்லாம் முடித்துவிட்டால் கையில் ஒரு முழுப் பகல் இருக்கிறது. ஊரை அறிய கால்களைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் பெரிய பையோடு நடக்க வேண்டாம். லக்கேஜ் அறையில் ஒப்படைக்கும்போது ரசீதைப் பாருங்கள்: எண், எத்தனை உருப்படி, மூடும் நேரம் மூன்றும் இருக்க வேண்டும். மூடும் நேரம் எழுதாத ரசீதை வைத்துக்கொண்டு, "நேரம் தாண்டிவிட்டது, இரட்டைக் கட்டணம்" என்று மாலையில் மடக்குவார்கள். ஜிப்புகளை ஒரே முனைக்கு இழுத்துப் பூட்டி, அந்த நிலையிலேயே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட், மருந்து, பணம், சார்ஜர் உங்களோடே வரட்டும்.

பையைச் சுமந்தே ஆக வேண்டுமென்றால், இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் வைத்து முதலில் இறுக்குங்கள், அதன்பிறகே தோள்பட்டைகள். மாற்றிச் செய்தால் கனம் முழுக்கத் தோளில் இறங்கும்.

நேரக் கணக்கில் ஏமாறுவதும் உண்டு. "பக்கத்தில்தான், அரைமணி நேரம்" என்று வழிகாட்டி சொல்வதை நம்பாதீர்கள். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் சொன்ன கணக்கு இன்றும் உதவும்: ஏறத்தாழ 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். இதில் ஓய்வு சேராது. சுமை இருந்தால் இன்னும் கூடும். வைஃபை கிடைக்கும்போதே ஆஃப்லைன் மேப்பை இறக்கி, பை இருக்கும் இடத்தைக் குறித்துவையுங்கள். டேட்டா இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். குதிகாலில் சூடு தெரிந்தால் அங்கேயே நின்று டேப் ஒட்டி, ஈரமான சாக்ஸை மாற்றுங்கள். கொப்புளம் எழும்பிவிட்டால் அன்றைய நடை அவ்வளவுதான்.

வழியில், "நீங்கள் போகிற இடம் இன்று மூடியிருக்கிறது, வேறிடம் காட்டுகிறேன்" என்பவரைத் தாண்டிப் போய் வாசலிலேயே பாருங்கள். வாடகை சைக்கிளில் கியூஆர் கோடின் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்துவிட்டு ஸ்கேன் செய்யுங்கள்.

பணம் போய்விட்டால் முதல் அழைப்பு வங்கிக்கு, கார்டை முடக்க. அடுத்து போலீஸ் புகார். அதன் நகல் இல்லாமல் பயணக் காப்பீட்டில் திருட்டுக்குப் பணம் கேட்பது கடினம். பல பாலிசிகள் 24 மணி நேரத்துக்குள் புகார் செய்திருக்க வேண்டும் என்கின்றன.